ஊருக்கு வந்தால் எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னை ஆரோக்கியம் பற்றிப் பேசச் சொன்னார்கள். கொலஸ்ட்ரோல் பற்றியும் நடைப்பயிற்சி பற்றியும் நீங்கள் வாட்ஸ்அப்பில் என்னைவிடக் கூடுதலாகப் படித்திருப்பீர்கள். ஆகவே வேறொரு விசயத்தை எடுத்துக்கொள்கிறேன். நூற்றாண்டுக்கு வருகிறோம் என்று ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் எழுதிய எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறோம், தீவுப் பக்கம் போக வேண்டும், எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம்? இது சுற்றுலாக்காரர் கேட்கிற கேள்வி போலத் தெரியும். நான் அதை வைத்தியக் கேள்வியாகவே பார்க்கிறேன்.

பாரிசில் இருக்கும் என் வகுப்புத் தோழி ஒருத்தி, தன் பிள்ளைகளை அங்குள்ள டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிப்போக மூன்று மாதம் ஆயத்தம் செய்தாள். அது 1992இல் திறந்த இடம். உள்ளேயே ஹோட்டல்கள் உண்டு, விலை கூட. வெளியே தங்கினால் மலிவு, ஆனால் தினமும் ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். உள்ளே தங்குகிறவர்களை மற்றவர்களுக்கு முன்னரே பூங்காவுக்குள் விடுவார்கள். அந்த முதல் மணித்தியாலத்துக்காகத்தான் கூடிய காசு. எந்த உணவகத்தில் எத்தனை மணிக்கு மேசை என்பதுகூட அவளுடைய கொப்பியில் எழுதியிருந்தது. அதே தோழி அடுத்த வருடம் ஊருக்கு வந்தபோது கொப்பியும் இல்லை, கேள்வியும் இல்லை. “மாமி வீட்டில நிப்பம், சாப்பாடு மாமி பாப்பா” என்றாள். மூன்று வாரம், நான்கு பேர்.

மாமி பார்த்தா. மாமிமார் எப்போதும் பார்ப்பார்கள். அதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தீவுப் பகுதி வைத்தியசாலை ஒன்றில் நான் வேலை செய்த காலத்தில் நீரிழிவுக் கிளினிக்குக்கு அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா வருவார். ஒழுங்கான மனுசி. குளுசை தவறாது, நடை தவறாது. ஆவணி மாதம் மட்டும் கிளினிக்குக்கு வரமாட்டார். புரட்டாதியில் வரும்போது சீனி ஏறியிருக்கும், கால் வீங்கியிருக்கும். இரண்டாவது வருடமும் அப்படி நடந்தபோது கதிரையை இழுத்துப்போட்டுக் கேட்டேன். வெளிநாட்டிலிருந்து இரண்டு குடும்பம், ஒன்பது பேர். விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிக்க வேண்டும். மத்தியானம் நண்டு, கணவாய். பின்னேரம் பலகாரம். எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் மிஞ்சினதைச் சாப்பிடுவது. குளுசை நினைவு வராது. “அவையளிட்டச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர். அஞ்சு வருசத்துக்குப் பிறகு வந்திருக்குதுகள்” என்றார்.

அவர் ஒருவர் அல்ல. ஆடி, ஆவணியில் எங்கள் கிளினிக்குகளில் வராதோர் பட்டியலைப் பார்த்தால் எந்த வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று எங்கள் தாதிமார் சொல்லிவிடுவார்கள். நாங்கள் ஊருக்கு வருவது இந்த மனுசிகளைப் பார்க்கத்தான். வந்து அவர்களைக் குசினிக்குள் அடைத்துவிட்டு நாங்கள் கசூரினாக் கடற்கரைக்குப் போகிறோம்.

எனவே என் முதல் ஆலோசனை: படுக்கை வேறு இடத்தில் இருக்கட்டும். இதைச் சொன்னால் மாமி கோபிப்பா என்பது எனக்குத் தெரியாததல்ல. பழியைப் பிள்ளைகள் மேல் போடுங்கள். “மாமி, இதுகளுக்கு ஏசி இல்லாட்டி நித்திரை வராது, இரவு படுக்க மட்டும் அறை எடுத்திருக்கிறம்” என்றால் எந்த மாமியும் ஏற்றுக்கொள்வா. வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றி அவ முன்னரே அப்படித்தான் நினைத்திருக்கிறா. பகலில் போய் இருங்கள். இரண்டு நாள் அவவின் கையால் சாப்பிடுங்கள், அதற்கும் மரக்கறி வெட்ட, கோப்பை கழுவ ஓர் ஆளைக் கூலிக்குப் பிடித்துக் கொடுங்கள். மற்ற நாள்களில் நீங்கள் சாப்பாடு வாங்கிக்கொண்டு போய் அவவை இருத்திப் பரிமாறுங்கள். அவவின் கிளினிக் திகதியைக் கேட்டு உங்கள் வானிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். இது நீங்கள் கொண்டுவரும் சொக்கிலேற் பெட்டியைவிடப் பெரிய சாமான்.

சரி, அறை எங்கே எடுப்பது?

இங்கேதான் அந்த டிஸ்னிலாண்டுக் கணக்கு உதவுகிறது. கிட்டத் தங்குவதற்குக் காசும் கரைச்சலும் கூட. ஓர் இடத்தின் முதல் மணித்தியாலமும் கடைசி மணித்தியாலமும் பெறுமதியானவையாக இருந்தால்தான் அந்தச் செலவில் அர்த்தம் உண்டு. தீவுகளை இப்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு எல்லாம் பண்ணைப் பாலம் வழியே தரையால் போய்வரக்கூடிய இடங்கள். யாழ்ப்பாணத்தில் தங்கி, காலையில் போய் மாலையில் திரும்பலாம். சின்னக் குழந்தையோ முதியவரோ உங்களுடன் வந்தால் நான் யாழ்ப்பாண நகரத்தையே சொல்வேன். புகையிரத நிலையத்தடி நோத் கேற், நகரத்துக்குள் ஜெட்விங் போன்ற பெரிய ஹோட்டல்களும் உண்டு, நல்லூர் பக்கத்தில் வீடுகளை விடுதியாக்கி நடத்துகிறவர்களும் உண்டு. போதனா வைத்தியசாலை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. சாப்பாட்டுக்கும் வழி இருக்கிறது. பஸ் நிலையத்தடி மலாயன் கபேயில் வாழையிலைச் சாப்பாடு. திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகத்தில் உங்கள் கண் முன்னாலேயே சுடுகிற தோசையும் குரக்கன் புட்டும். பிள்ளைகள் அழுதால் நல்லூரடியில் ரியோ ஐஸ்கிரீம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். ஐரோப்பியப் பாடசாலை விடுமுறையும் அதே காலம். அப்போது அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை வேறு. திகதி தெரிந்தவுடன் பதிவு செய்யுங்கள்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள் நிற்கிற கோட்டையைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தது. இப்போது கடற்படையினர் அதைச் சில அறைகள் கொண்ட விடுதியாக நடத்துகிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சுற்றிவரத் தண்ணீர். அங்கே தங்குவதா என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பதில் இருக்கும். சிறைக்கூடமாகவும் இருந்த சுவர் அது. என் பதிலை இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் பதிவு செய்ய முன்னர் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே போய் இறங்கியபின் அம்மா வாய் திறக்காமல் இருந்தால் விடுமுறை அதோடு முடிந்தது.

நயினாதீவில் இரவு தங்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். குறிகட்டுவானிலிருந்து படகில் 15, 20 நிமிடம். காலையில் போய் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, நாகவிகாரையையும் பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்பலாம். ஆனி மாதத் திருவிழாக் காலத்திலும் போயா தினத்தை ஒட்டிய நீண்ட விடுமுறைகளிலும் இறங்குதுறையில் கால் வைக்க இடமிராது, குழந்தைகளுடன் அந்த நாள்களைத் தவிருங்கள். மாசி, பங்குனியில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும் வார இறுதியிலும் குறிகட்டுவான் அப்படித்தான்.

சாப்பாடு எங்கே என்ற கேள்வி நயினாதீவில் எழாது. அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இதுதான் என்று அறிஞர் பலர் சொல்லுவார்கள். அந்தப் பெயரில் ஒரு மண்டபம், யார் வந்தாலும் சோறு. கனடாவில் பிறந்த பிள்ளைக்கு, பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாமல் நிலத்தில் இருந்து சாப்பிடுகிற அனுபவத்தை எந்த ஐந்து நட்சத்திர ஹோட்டலும் தராது. ஆனால் பூசை முடிந்த பிறகுதான் பந்தி. விடியவிலிருந்து விரதம், வெயில், வரிசை. இன்சுலின் போடுகிறவர்களும் சீனிக்குக் குளுசை எடுக்கிறவர்களும் இந்த இடத்தில்தான் தலைசுற்றி விழுகிறார்கள். கைப்பையில் பிஸ்கட்டும் இரண்டு இனிப்பும் இருக்கட்டும். வியர்த்து நடுங்கினால் உடனே சாப்பிடுங்கள். அம்மன் கோபிக்க மாட்டா. விரத நாளுக்கு மருந்தை எப்படி மாற்றுவது என்று உங்கள் டொக்டரிடம் புறப்பட முன்னரே கேட்டு வையுங்கள்.

இனி நெடுந்தீவு. இங்கே என் கணக்கு மாறுகிறது.

குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பலர் காலையில் போய்ப் பிற்பகல் படகில் திரும்புகிறார்கள். அதாவது தீவில் நிற்பது உச்சி வெயில் நேரம் மட்டுமே. ஓட்டோவிலோ வானிலோ ஏறி ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம், குதிரைகள் என்று ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, தலையிடியோடு வந்து படகுக்கு நிற்பார்கள். பிள்ளைகள் “இதுக்கா வந்தனாங்கள்?” என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் பிழையில்லை. நெடுந்தீவின் நல்ல நேரம் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகும் காலை எட்டு மணிக்கு முன்னரும்தான். வெயில் தாழ, பவளக்கல் வேலிகள் நிறம் மாறும். குதிரைகள் வெளியில் நிற்கும். இரவில் வானம் முழுக்க வெள்ளி. எனவே குடும்பத்தில் எல்லாரும் ஓரளவு சுகதேகிகளாக இருந்தால் நெடுந்தீவில் ஓர் இரவு தங்குங்கள்.

அங்கே பெரிய ஹோட்டல் இல்லை. சிறு விடுதிகளும், அறை கொடுக்கும் வீடுகளும்தான். படத்தைப் பார்த்துப் பதிவு செய்யாமல் தொலைபேசியில் கதைத்துக் கேளுங்கள். கொமோட் இருக்கிறதா, அல்லது குந்தும் மலசலகூடமா? முழங்கால் சத்திரசிகிச்சை செய்த அம்மாவுக்கு இது ஏசியைவிட முக்கியம். நுளம்பு வலை இருக்கிறதா? குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா, இன்சுலின் வைக்க விடுவார்களா? இல்லாவிட்டால் மண்சட்டியில் தண்ணீர் விட்டு ஈரத்துணி சுற்றி நிழலில் வைக்கலாம், ஒரு நாளுக்குப் போதும். குடிதண்ணீர் எங்கிருந்து? தீவில் பல கிணறுகள் உவர். சுத்திகரித்த தண்ணீரா என்று கேட்டு, இல்லையென்றால் போத்தலோடு போங்கள். குளிக்கும் தண்ணீர் உப்பாக இருந்தால் பிள்ளைக்கு முன்னரே சொல்லி வையுங்கள், அழுகை பாதி குறையும். விலையையும் சாப்பாட்டுக் கணக்கையும் அப்போதே பேசி முடியுங்கள். பேரம் பேச வேண்டாம் என்று ஒரு வேண்டுகோள். இந்த வீடுகள் பலவற்றில் குசினியை நடத்துவது தனியே பிள்ளைகளை வளர்க்கிற பெண்கள். பாரிசில் ஒரு பேகருக்குக் கொடுக்கும் காசுக்கு இங்கே பேரம் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யார் தங்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அண்மையில் நெஞ்சுவலி வந்தவர், டயாலிசிஸ் செய்பவர், பிரசவத்துக்குக் கிட்ட நிற்பவர், கைக்குழந்தை. நெடுந்தீவில் வைத்தியசாலை உண்டு. ஆனால் இரவில் நிலைமை மோசமானால் படகில்தான் இக்கரைக்கு வர வேண்டும். 1990 இலக்கத்துக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸ் கடலில் ஓடாது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோழகக் காற்று. அந்தக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகே ஓடாத நாள்களும் உண்டு. ஆகவே விமானம் ஏறுவதற்கு முதல் நாள் நெடுந்தீவில் நிற்காதீர்கள். மருந்து மூன்று நாளைக்குக் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். படகு நேரத்தை முதல் நாள் விசாரியுங்கள், கடதாசியில் உள்ளதை நம்ப வேண்டாம். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், “நான் நெடுந்தீவாள், எனக்கு நீந்தத் தெரியும்” என்று சொல்லுகிற அக்காமாரும்தான்.

குமுதினிப் படகில் ஏறினால், 1985 மே 15 அன்று அதில் என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்கு ஏறுவதற்கு முன்னர் சொல்லுங்கள். வயதுக்கேற்ற மாதிரிச் சொல்லலாம். பக்கத்தில் இருந்து பயணம் செய்கிற ஒருவர் அன்று உறவை இழந்தவராக இருக்கக்கூடும். செல்ஃபி எடுக்கிற பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இனி வயிறு. விடுமுறை காலத்தில் தீவுக்குப் போய்வந்து வயிற்றோட்டம், சத்தி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “பார்சல் எத்தனை மணிக்குக் கட்டினது?” என்பதுதான். விடிய ஆறு மணிக்கு யாழ்ப்பாணத்தில் சுடச்சுடச் சோறு, பால்கறி, சொதி, சம்பல் எல்லாம் லஞ்ச் சீற்றில் கட்டி, வானுக்குள் வைத்து, படகில் ஏற்றி, ஒன்றரை மணிக்குப் பெருக்கமரத்தடியில் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். ஏழு மணித்தியாலம் வெக்கைக்குள் இருந்த சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அது விடுகிற நஞ்சு திருப்பிச் சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ப் பாலும் சம்பலும் அதைவிடக் கெதியாகப் பழுதாகும். எங்கள் அம்மம்மாமார் கோயில் பயணத்துக்குப் புளிச்சாதம் கட்டினார்கள், சொதி கட்டவில்லை. புளி கிருமியைப் பெருக விடாது. அவர்கள் நுண்ணுயிரியல் படிக்கவில்லை, படித்த நாங்கள் பார்சல் கட்டுகிறோம்.

ஆகவே நெடுந்தீவில் மத்தியானச் சாப்பாட்டை முதல் நாளே தொலைபேசியில் சொல்லி அங்கேயே சமைப்பியுங்கள். முதல் நாளே சொன்னால்தான் அவர்களாலும் மீன் வாங்க முடியும். அல்லது பாண், வாழைப்பழம், பிஸ்கட், இளநீர். ஐஸ் போட்ட சர்பத் வேண்டாம். கூழ் கேட்டால், பானையிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிற கூழ் பாதுகாப்பானது. ஆனால் அதில் நண்டும் இறாலும் கணவாயும் ஒன்றாகக் கிடக்கும். முன்னர் இவற்றைச் சாப்பிடாத பிள்ளைக்கு ஒவ்வாமை இருந்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்றுகூடத் தெரியாது. முதலில் நகரத்தில் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். எபிபென் வைத்திருக்கிற பிள்ளை என்றால் அது வானுக்குள் அல்ல, கையில் இருக்க வேண்டும்.

வயிற்றோட்டம் வந்துவிட்டால் பாமசியில் ‘ஜீவனி’ என்று கேளுங்கள். பக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. பிள்ளை சோர்ந்து படுத்தால், சலம் போவது குறைந்தால், இரத்தம் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் கொண்டுவாருங்கள். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். இங்கே டெங்கு இருக்கிறது, மார்கழி, தையில் கூட. புரூபனும் டிஸ்பிரினும் இரத்தப்போக்கைக் கூட்டும். ஊருக்குத் திரும்பிப் போன பிறகு காய்ச்சல் வந்தாலும், இலங்கைக்குப் போய்வந்தேன் என்று உங்கள் டொக்டரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில். எனவே மாமி வீட்டு முற்றத்தில் பகல் முழுக்க விளையாடுகிற பிள்ளைக்குத்தான் களிம்பு பூச வேண்டும்.

நேரம் முடிகிறது என்று தலைவி அக்கா மணியைப் பார்க்கிறா. சனிக்கிழமை சங்கத்தோடு நெடுந்தீவுக்கு வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு அங்கே மூன்று வீடுகளில் சொல்லியாகிவிட்டது. மரக்கறிக்காரர் இன்றைக்கே பெயர் தாருங்கள், விரதக்காரர் தனியாகத் தாருங்கள். பார்சல் கொண்டுவருகிறவர்களைப் படகில் ஏற்றமாட்டேன் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் பைகளைப் பார்ப்பேன். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், உங்கள் குளுசைப் பெட்டி மூன்றும் கட்டாயம். மாமிமாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இடம் இருக்கிறது.